இரண்டு இடத்தில் படுத்திருந்த அர்சுலா

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மிஸ் லெட்டிஸ் என்னை வரச்சொன்னது மார்ச் மாதம் என்று நாட்குறிப்பில் இருக்கிறது. என் நினைவிலோ அவர் வீட்டு வாசலில் செப்டம்பரில்தான் பழுக்கும் ஆப்பிள்கள் விழுந்து கிடக்கின்றன. எதை நம்புவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் சொன்ன வார்த்தைகளில் மட்டும் தவறு இருக்காது.

"ஹாப்வுட், என்னை எங்க புதைக்கிறதுங்கறதுல ஒரு சிக்கல். உட்காருங்க."

தோர்ன்கோட் குடும்பத்தில் அவர்தான் கடைசி. வயது எண்பத்தொன்று. ஆஷ்கோம்ப் தேவாலயத்தின் வடக்குப் பக்கத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு நிலவறை இருக்கிறது. உள்ளே எட்டு கல் தட்டுகள், தட்டுக்கு ஒருவர். ஏழு பேருக்குப் பதிவு உண்டு. ஏழாவது அவருடைய அண்ணன் ரேஃப். பதினொரு வயதில் போலியோவில் போனவன். எட்டாவது தட்டு காலி என்று எழுத்தில் காட்டினால் திருமண்டல அலுவலகம் அவருக்கு அனுமதி தரும். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் திறக்கத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு, உள்ளே இடம் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். ரேஃபை இறக்கிய அன்று உள்ளே போனவர்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"இல்லேன்னா புறவழிச்சாலை ஓரத்துப் புது மயானம்" என்றார். "பக்கத்துல யாரு தெரியுமா? மிஸஸ் ப்ரௌட். ஊர்க் கண்காட்சியில என் ஆரஞ்சு மார்மலேடுக்கு மார்க் போட்டவ."

"நல்லவங்கதானே அவங்க?"

"முப்பது வருஷம் ரெண்டாவது பரிசு குடுத்தா."

"முப்பது வருஷமுமா?"

"ஒரு வருஷம் மூணாவது."

கெட்டில் ஒருமுறை கொதித்து அடங்கியது.

"ரேஃப் இருட்டுக்குப் பயப்படுவான்" என்றார். "நானும் வரேன்னு அவன்கிட்ட சொல்லியிருந்தேன். எனக்கு அப்போ எட்டு வயசு. வேற எந்த வாக்கும் நான் யாருக்கும் குடுத்ததில்ல."

இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டதில் நியாயம் இருந்தது. பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றதிலிருந்து இருபத்திரண்டு வருடமாக, எங்கள் மாவட்டத்தில் பதினாறாம் நூற்றாண்டுப் பிரபுக்களின் கல்லறைகளை அளந்து எழுதி வருகிறேன். கல்லறைமேல் படுத்திருக்கும் மூக்கு உடைந்த கனவான் சிலைகள், காலடியில் கல் நாய், பக்கவாட்டில் வரிசையாக முழந்தாளிட்ட பிள்ளைகள். கையில் மண்டையோடு பிடித்த பிள்ளை பெற்றோருக்கு முன்பே இறந்த பிள்ளை. இதையெல்லாம் குறித்துக்கொண்டு சாண்ட்விச் தின்றுவிட்டு வீட்டுக்கு வருவேன்.

நிலவறைக்கு மேலே சர் ஜெர்வாஸ் தோர்ன்கோட்டும் மனைவி அர்சுலாவும் கல்லாகப் படுத்திருக்கிறார்கள். கணவன் இறந்ததும் விதவை இருவருக்குமாகச் சேர்த்துக் கல்லறை செய்யச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். அவன் தேதியைச் செதுக்கிவிட்டு அவள் தேதிக்கு இடம் விட்டுவைப்பார்கள். ஜெர்வாஸுக்கு 1587. அர்சுலாவுக்கு "இறந்தது" என்ற சொல்லுக்குப் பிறகு நான்கு விரல் அகலம் வெறும் கல். அவள் பிறகு லிங்கன்ஷயரில் ஒருவரை மறுமணம் செய்துகொண்டாள். ஆகவே அவள் இங்கே இல்லை என்று மாவட்ட வரலாற்றுச் சங்கத்தின் இதழில் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன். "தேதி இல்லை, ஆகவே ஆளும் இல்லை" என்பது அதன் கடைசி வாக்கியம். அந்த வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

எட்டாவது தட்டில் அர்சுலா இல்லை என்பதற்கு அலுவலகம் மூல ஆதாரம் கேட்டது. ஆஷ்கோம்பின் அடக்கப் பதிவேட்டில் அவள் இறந்திருக்கக்கூடிய வருடங்களின் பக்கங்களை எலி தின்றிருந்தது. லிங்கன்ஷயருக்குப் போனேன்.

அவள் மறுமணம் செய்துபோன ஊரின் தேவாலயத்திலும் அர்சுலா கல்லாகப் படுத்திருந்தாள், இரண்டாவது கணவனுக்குப் பக்கத்தில். அதே மடிப்பு வைத்த கழுத்துப்பட்டி, முகம் மட்டும் இளமை. அவன் தேதி இருந்தது. அவள் தேதிக்கு வெறும் கல். இரண்டு இடத்தில் படுத்திருக்கிறாள், இரண்டு இடத்திலும் இறக்கவில்லை. என் வாக்கியத்தின்படி அவளை எங்கேயுமே புதைக்கவில்லை. தேதியைச் செதுக்க வேண்டிய பிள்ளைகள் செதுக்காமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். கல்லறைகளோடு இருபத்திரண்டு வருடம் இருந்த எனக்கு, பிள்ளைகள் மறப்பார்கள் என்பது தோன்றவில்லை.

மறுநாள் அந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் பஞ்சு மெத்தைமேல் பதிவேட்டை வைத்து, ஈயமணிச் சரத்தால் பக்கத்தை அழுத்தி, பென்சிலால் எழுதிக்கொண்டேன். 1601, நவம்பர். சீமாட்டி அர்சுலா இறந்தார். அவர் விருப்பப்படி உடல் ஆஷ்கோம்புக்கு, முதல் கணவரிடம், கொண்டுபோகப்பட்டது.

காரில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிவேட்டை இன்னும் நூறு வருடத்துக்கு யாரும் கேட்கப்போவதில்லை. பென்சில் எழுத்தை அழிக்க ரப்பரே போதும். ஒரு வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தேவாலயத்தின் ஆயர் ஜோசலின் போன் செய்தார்.

"மிஸ்டர் ஹாப்வுட், அலுவலகத்துல அவசரப்படுத்தறாங்க. உங்க கட்டுரையையே வெச்சு அனுப்பிடலாமா?"

"அதுல ஒரு தப்பு இருக்கு."

"எந்தப் பக்கம்? திருத்திடலாம்."

"பன்னிரண்டும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் இதை இன்னும் காதுல வாங்கல. நீங்களும் இன்னும் சொல்லல. முதல்ல மிஸ் லெட்டிஸ்கிட்ட போய்ப் பேசுங்க" என்றார்.

போனேன். எழுதிய தாளை மிஸ் லெட்டிஸிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"ரெண்டாவது புருஷனை விட்டுட்டு வந்துட்டாளா?"

"ஆமாம்."

"எவ்வளவு தூரம்?"

"தொண்ணூறு மைல். நவம்பர் மாசத்துச் சேறு."

"இதை நீங்க என்கிட்ட காட்டாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"நான் இறங்கும்போது அங்க அவ இருந்திருப்பா. எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நின்னிருப்பாங்க." தாளை மடித்தார். "அவ்வளவு தூரம் வந்தவளை எழுப்ப முடியாது."

தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்தது. எழுந்துவிடலாமா என்று நினைத்தபோது கேட்டார்.

"ரேஃபோட பெட்டி என்ன நீளம்?"

"பதிவுல நாலே முக்கால் அடி."

"தட்டு?"

"ஏழு."

"அப்போ ரெண்டே கால் அடி இருக்கு."

"உங்களுக்குப் போதாது."

"இப்படியே போனா போதாது." கோப்பையைத் தள்ளிவைத்தார். "எங்க குடும்பத்துல யாரையும் எரிச்சதில்ல. ராணி மேரி காலத்துல மதத்துக்காக ஒருத்தரை உயிரோட எரிக்கப் பாத்தாங்க, பிரான்ஸுக்கு ஓடிட்டார். ஜோசலின்கிட்ட சொல்லிடுங்க. அவன் காலடியில ஒரு சின்னப் பெட்டி."

"உங்களுக்கு இதுல வருத்தம் இல்லையே?"

"நிறைய இருக்கு. தேநீரைக் குடிங்க."

மிஸ் லெட்டிஸ் இரண்டு வருடம் கழித்து பிப்ரவரியில் இறந்தார். சாம்பலுக்கும் தட்டு எண்ணிக்கை பொருந்துமா என்று முடிவு செய்ய அலுவலகத்துக்கு நான்கு மாதம் ஆனது. அதுவரை தேவாலய அலமாரியில் மெழுகுவர்த்திகளோடு இருந்தார். ஜூனில் நிலவறையைத் திறந்து, அண்ணன் காலடியில் வைத்தோம். எட்டாவது தட்டில் அர்சுலாவின் ஈயச் சவப்பெட்டி இருந்தது. ஜோசலின் இப்போது கென்ட்டில் மூன்று ஊர்களுக்கு ஆயர். என் திருத்தம் சங்கத்தின் இதழில் அரைப் பக்கம் வந்தது. அதற்குப் பதிலாக யாரும் எதுவும் எழுதவில்லை. மிஸ் லெட்டிஸின் வீட்டை ஒரு பல் மருத்துவர் வாங்கியிருக்கிறார். நான் கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். பக்கத்து மாவட்டத்துக் கல்லறைகளை அளக்கத் தொடங்கியிருக்கிறேன்.