வாய் மூடிய செபம்

கம்பெனிக்காரன் சொல்வதை நான் நம்புவதில்லை. மாதா கோயில் கமிட்டியையும் நம்புவதில்லை. எண்ணூரில் எங்கள் குப்பத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே உரக் கம்பெனி. போன தடவை அங்கே காஸ் கசிந்தபோது என் மனைவி வியாகுலம்மாள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கால் எழவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. இயேசுவே, மாதாவே என்று கத்திக் கத்தி அத்தனை காஸையும் உள்ளே இழுத்தாள். எப்படியோ பிழைத்தாள். இன்னொரு தடவை நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதிலிருந்து பயம். குக்கர் விசில் அடித்தால்கூட வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

அவள் அண்ணன் மகன் நோயல் வந்தான். துறைமுகத்தில் தீயணைப்பு வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் வாசகம் படிக்கிறவன்.

“அத்தே, ஆண்டவர் கூட வர்றாருன்னு நம்புறியா?”

“நம்பாம?”

“அப்ப இன்னாத்துக்கு குந்திக்கினுகீற? அவரு நடக்கறாரு, நீயும் நட. ஈரத்துணிய மூக்கு வாயி மேல கட்டிக்க. செபத்த மனசுல சொல்லு, செபமால விரல்ல ஓடட்டும். வாயத் தொறக்காத. கோயில் கொடியப் பாரு. காத்து போற பக்கமும் வாணாம், வர்ற பக்கமும் வாணாம். குறுக்கால போ.”

திருவிழா முடிந்தும் கமிட்டி கொடியை இறக்காமல் விட்டது காற்றுத் திசை பார்க்கத்தானாம்.

“வாயத் தொறக்காத செபம் சாமிக்குக் கேக்குமாடா?” என்றேன்.

“நீ திட்றதே கேக்குது மாமா, அது கேக்காதா?”

தினமும் சாயங்காலம் துணியைக் கட்டிக்கொண்டு கரையோரம் நடந்து பழகினாள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா, “இன்னா வியாகுலம், எந்த வூட்ல கொள்ளையடிக்கப் போற?” என்று கேட்டாள். இவள் பதில் சொல்லாமல் நடந்தாள். பதில் சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“பயம் போச்சா?” என்று கேட்டேன்.

“போவல. அதுவும் கூடவே நடக்குது.”

ஐப்பசியில் ஒரு விடிகாலை, மூக்கை அறுக்கிற நெடி. குப்பமே எழுந்து மேற்கே ஓடியது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கால்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்: ஆபத்து என்றால் கடலுக்கு முதுகைக் காட்டி ரோட்டுக்கு ஓடு. காஸ் ரோட்டுப் பக்கமிருந்துதான் வருகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் ஓடினேன்.

கூட வந்த வியாகுலம் பாதியில் நின்றுவிட்டாள். துணி கட்டியிருந்தாள், கையில் செபமாலை. மறுபடியும் உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன். திட்ட வாயைத் திறந்தேன். தொண்டை எரிந்தது, கண் இருண்டது. அவள் ஈரத்துண்டு ஒன்றை என் முகத்தில் அழுத்தி, கையைப் பிடித்து இழுத்தாள். கொடி கடலைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. கரையோரமாகத் தெற்கே திரும்பினாள். எதிரே வந்த பச்சையம்மாவின் முந்தானையையும் பிடித்து இழுத்தாள். வாயே திறக்கவில்லை. நடையும் நிற்கவில்லை.

திருவொற்றியூர்ப் பக்கம் நெடி இல்லாத மணலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ரோட்டுக்கு ஓடியவர்களை ஏற்றிப் போகும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. வியாகுலம் இன்னும் துணியை அவிழ்க்கவில்லை.

“எங்க போறோம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றேன்.

அவள் விரல் மாலையில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி மணிக்கு வந்து, சிலுவை போட்டுக்கொண்டு, துணியை அவிழ்த்தாள்.

“அப்ப செபம் முடியலய்யா,” என்றாள்.