ஆமைக்கு மனேச்சர்

வினாயகமூர்த்தி சைப்பிரஸ் தீவில் ஆறு வருசம் ஆமையாக இருந்தான்.

இப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் யாரிடமும் சொல்லவுமில்லை. போனது கோப்பை கழுவத்தான். கடலோடு ஒட்டிய பெரிய ஹோட்டல். வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், அவரை விதை போல வளைந்த நீச்சல் குளம், பக்கத்தில் பிள்ளைகளுக்கென்று முழங்கால் அளவுத் தண்ணீரில் இன்னொன்று. குடும்பத்தோடு வருகிறவர்களுக்காகவே கட்டியது. தாயும் தகப்பனும் குடைக்குக் கீழே படுத்துப் புத்தகம் வாசிக்கலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் உண்டு. அந்த ஆட்களுக்கெல்லாம் தலை ஓர் ஆமை. அந்தக் கரையில் கடலாமைகள் ஏறி முட்டையிடுமாம். ஹோட்டலுக்கு அதுவே சின்னம். பஞ்சு வைத்துத் தைத்த பச்சை ஆமைச் சட்டைக்குள் ஒரு மனிதன் புகுந்து, காலையும் மாலையும் குளக்கரையில் ஆட வேண்டும்.

முன்பு ஆமையாக இருந்த பல்கேரியாக்காரன் வெக்கை தாங்காமல் ஒருநாள் தலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். பிள்ளைகள் பகுதியை நடத்திய வெள்ளைக்காரி சமையலறைக்குள் வந்து ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் கண் வினாயகமூர்த்தியின் வயிற்றில் வந்து நின்றது. பெயருக்கேற்ற வயிறு. ஊரில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. கடல் தாண்டி வந்த இடத்தில் அதற்கும் ஓர் உத்தியோகம் கிடைத்தது. ஆமை வாய் திறக்கக் கூடாது என்பது ஹோட்டல் சட்டம். இங்கிலீஷ் தெரியாதவனுக்கு இதைவிட நல்ல சட்டத்தை யார் போடுவார்கள்?

வீட்டுக்கு என்ன எழுதுவது என்பதுதான் சிக்கல். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது உலகம் அறிந்த சொல். அவன் மாமி, மனைவியின் தாய் கண்ணகை, பல்லி சொன்னதற்கே பயணத்தைத் தள்ளிவைக்கிற மனுசி. வீடோ மனைவி இராசாத்தியின் சீதன வீடு. அதில் வந்து புகுந்தவன் அவன். நான் இங்கே ஆமை என்று ஒரு வரி எழுதினால் போதும், அதன்பிறகு கூரை ஒழுகினாலும் மாடு சினைப்படாவிட்டாலும் மாமி காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆகவே, பிள்ளைகள் பகுதிக்கு மனேச்சர் என்று எழுதினான். ஹோட்டலைப் பார்க்க ஆசை என்று இராசாத்தி கேட்டதால் படங்களும் அனுப்பினான். ஆமை இல்லாத படம் என்றால் அதில் அவனும் இல்லை, அதனால் ஆமை இருந்த சில படங்களைச் சேர்த்து, “இது எங்கட ஹோட்டல் ஆமை. இதுக்கும் நான்தான் மனேச்சர்” என்று பின்பக்கத்தில் எழுதினான். தனக்குத் தானே மேலதிகாரியான முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும். படங்களில் உங்களை ஏன் காணவில்லை என்று அவள் கேட்டதற்கு, படம் பிடிப்பதே நான்தான் என்று பதில் போட்டான்.

ஊரில் ஷெல் விழுந்து சனம் கோயிலில் படுத்துக் கிடந்த கிழமை, அவன் ஒரு ஜேர்மன்காரப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆடிக்கொண்டிருந்தான். செய்தி பத்து நாள் கழித்துக் கடிதத்தில் வந்தது. முன்பே தெரிந்திருந்தாலும் ஆடித்தான் இருப்பான். ஆமையின் முகத்தில் சிரிப்பைத் தைத்தே வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவன் அழுதால் என்ன, வாந்தி எடுத்தால் என்ன.

இரண்டாயிரமாம் ஆண்டு ஆனி மாதம், ஏறாவூருக்கு வடக்கே செங்கலடிப் பக்கம் இருந்த அந்தச் சீதன வீட்டுக்குத் திரும்பி வந்தான். போகும்போது மகள் எட்டு மாதக் குழந்தை. பள்ளிக்கூடத்துக்கு வேறு பெயர். வீட்டில் பூட்டியின் பெயரால் சின்னத்தங்கம். வான் வந்து நின்றதும் படலைக்கு ஓடி வந்தாள். அவன் பெட்டியைப் போட்டுவிட்டுக் கைகளை விரித்தான். அவள் அவனைத் தாண்டிப் போய் வானுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஆமை வரல்லையா?” என்றாள்.

நடந்தது இதுதான். ஹோட்டல் படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டிய மாமி, ஆமைப் படங்களை மட்டும் அடுப்பில் போட்டிருந்தார். போடுமுன் அதில் ஒன்றைச் சின்னத்தங்கம் களவெடுத்துத் தமிழ்க் கொப்பிக்குள் ஒளித்துக்கொண்டாள். ஆமை முழங்காலில் மண்டியிட்டுக் கைகளை விரித்திருக்கிறது. கழுத்தில் ஒரு வெள்ளைப் பிள்ளை, மடியில் ஒரு வெள்ளைப் பிள்ளை. அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து அந்த ஆமைதான் அவள் சிநேகிதன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் தங்கள் அப்பாமாரைப் பற்றிக் கதைக்கும்போது இவள் ஆமையைப் பற்றிக் கதைத்திருக்கிறாள்.

வினாயகமூர்த்தியை அவள் அப்பா என்று கூப்பிடவில்லை. ‘இவரு’ என்றாள். “இவருக்குச் சோறு போடவாம்” என்று பாட்டியிடம் போய்ச் சொல்லுவாள். அவனுக்கு அந்த ஒரு சொல் வேண்டியிருந்தது. ஆறு வருசம் நாளுக்கு அறுபது பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவன், ஒரு பிள்ளையை வளைப்பதா கஷ்டம் என்று ஹோட்டல் வித்தைகளில் இறங்கினான். துவாயை மடித்து அன்னப்பறவை செய்து அவள் பாயில் வைத்தான். மாமிக்கு மருமகனோடு நேரே பேசும் வழக்கமில்லை, முற்றத்துக் கோழியைப் பார்த்து, “நல்ல துவாய்ட கழுத்தத் திருகி வெச்சிருக்கிறது ஆரு கா?” என்று கேட்டார். ரொட்டியில் கண்ணும் மூக்கும் வைத்துச் சுட்டுக் கொடுத்தான். பிள்ளை கண்ணைத் தோண்டிக் கோழிக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்றாள்.

ஆனால் ஆமையைப் பற்றி எடுத்தால் மட்டும் கிட்டே வந்து, இரண்டு கை தூரத்தில் குந்துவாள். அது என்ன தின்னும், எங்கே படுக்கும், இப்போது யார் அதைப் பார்க்கிறார்கள். ஒருநாள், “அதுக்குப் பிள்ளைகள் எண்டா விருப்பமா?” என்று கேட்டாள். சரியான விருப்பம் என்றான். “என்னையும் தெரியுமா?” என்றாள். தெரியும், ஒவ்வொரு நாளும் உன்னை நினைக்கும் என்றான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது அவனுக்குப் பொறாமையாக இருந்தது. பெண்டாட்டி இன்னொருவனைப் பார்த்துச் சிரித்தால் பொறாமைப்படுகிறவனை ஊர் மனுசன் என்று சொல்லும். தன்னைப் பார்த்துத் தானே பொறாமைப்படுகிறவனை என்னவென்று சொல்வது?

கடைசியில் ஒரு காலை, கிணற்றடியில் இராசாத்தியிடம் உள்ளதைச் சொன்னான். அவள் வாளியை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல்லில் இருந்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“ஆறு வருசமும் அதுக்குள்ளயா இருந்தீங்க? வேர்க்கல்லையா?” என்றாள்.

வேர்த்தது என்று மட்டும் சொன்னான். பிள்ளையிடம் சொல்லத்தான் வேண்டும் என்றாள் அவள். ஆனால் பிள்ளை வாய் சும்மா இருக்காது. மாமியின் காதுக்குப் போனால் வீடு வீடாக இருக்காது. மாமியோ ஊர் முழுக்க, எங்கட மருமகன் வெள்ளைக்காரரை வைத்து வேலை வாங்கிய மனேச்சர் என்று சொல்லி வைத்திருந்தார். அந்த மரியாதையில் அவனுக்கும் கொஞ்சம் ருசி ஏறியிருந்தது என்பதை மறைப்பானேன். கோயிலடியில் பெரியவர்கள் எழும்பி இடம் விட்டார்கள். ஆமைக்கு யார் இடம் விடுவார்கள்? இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான்.

அப்படியே ஆடி அமாவாசை வந்தது. அமிர்தகழி மாமாங்கப் பிள்ளையார் கோயில் தீர்த்தத்துக்கு மாமியும் மகளும் பேத்தியுமாக எல்லோரும் புறப்பட்டார்கள். வரும்போது ஹோட்டல்காரர் கொடுத்த கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் மருமகன் கையில் எடுத்துக்கொள்ளட்டும், வெளிநாட்டுக் கடுதாசியைக் கண்டால் இராணுவச் சென்றியில் மரியாதை என்று மாமி கதவு நிலைக்குச் சொன்னார். அவனும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் யாரிடமும் காட்டிக் கேட்டதில்லை. சாமான் சரியாக இருக்கிறது என்று நம்பிப் பொதியைப் பிரிக்காமல் கொடுக்கிறவன் மாதிரிதான் அவன் கதை.

ஏறாவூர் தாண்டிய சென்றியில் வழக்கம்போல் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். பெண்கள் வரிசை முதலில் போய் அங்கே வெயிலில் நின்றது. வினாயகமூர்த்தியின் அட்டை பதினாறு வயதில் எடுத்தது; அதில் இருந்த ஒல்லிப் பையனுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அவருக்குத் தமிழ் வராது. இவனுக்குச் சிங்களம் வராது. அதே பஸ்ஸில் வந்த ஏறாவூர்ப் புடைவை வியாபாரி அப்துல் மஜீத் இரண்டும் தெரிந்தவர். அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

ஆறு வருசம் என்ன வேலை என்று அதிகாரி கேட்டார். மாமி கேட்கும் தூரத்தில் நின்றதால் வினாயகமூர்த்தி கொஞ்சம் உரக்கவே, “மனேச்சர்” என்றான். அதிகாரி கடிதத்தை விரித்து வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். முகம் இறுகியது.

“தம்பி, நீங்க சொல்ற வேலை இதில இல்லையாம். பொய் சொல்றீங்க, ஆறு வருசமும் வேற எங்கயோ இருந்திருக்கிறீங்க எண்டு சொல்றாரு” என்றார் மஜீத்.

மணல் மூட்டைப் பக்கமாகப் போய் நிற்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அப்படித் தனியாக நிற்க வைத்தால் பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விடும். சிலர் பின்னேரம் வீட்டுக்கு வந்தார்கள். சிலர் வரவேயில்லை. இராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சின்னத்தங்கம் பாட்டியின் கையைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஜீத் குரலைத் தாழ்த்தி, “உள்ளதச் சொல்லுங்க தம்பி. உசிரு இருந்தாத்தானே மரியாத” என்றார்.

“நான் மனேச்சர் இல்ல, மஜீத் நானா. நான் ஆமை.”

மஜீத் அதை மொழிபெயர்க்கவில்லை. பயத்தில் மனுசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். சட்டை மாதிரி ஒன்று, அதற்குள் புகுந்து பிள்ளைகளுக்கு ஆடுவது என்று வினாயகமூர்த்தி விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் உரக்கத்தான் சொன்னான். மஜீத் சிங்களத்தில் சொன்னதும் அதிகாரி கடிதத்தைக் குனிந்து பார்த்தார், இவன் வயிற்றை நிமிர்ந்து பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கம் துடித்தது. அப்படியானால் ஆடிக் காட்டச் சொல்லு என்றார்.

தார் றோட்டில், அறுபது எழுபது சனம் பார்த்து நிற்க, மாமாங்கப் பிள்ளையாருக்கென்று கட்டிய புது வேட்டியோடு அவன் ஆடினான். இடப்பக்கம் மூன்று அடி, வலப்பக்கம் மூன்று அடி. ஒரு சுற்று. வயிற்றைக் குலுக்குதல். இரண்டு கையாலும் துடுப்புப் போல் வீசுதல். சட்டை இல்லாமல் ஆடும்போதுதான் அது எவ்வளவு கேவலமான ஆட்டம் என்று அவனுக்கே தெரிந்தது. சிப்பாய்கள் சிரித்தார்கள். பஸ் சனம் முதலில் பயந்து அடக்கிப் பார்த்து, பிறகு அதுவும் சிரித்தது. பாதியில் நிறுத்தியிருக்கலாம். ஆறு வருசப் பழக்கம் விடவில்லை; கடைசி அடி வரைக்கும் போனான். கடைசியில் ஆமை முழங்காலில் மண்டியிட்டுக் கைகளை விரிக்க வேண்டும். ஹோட்டலில் என்றால் அந்த இடத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்து விழுவார்கள். இங்கே தார் முழங்காலைச் சுட்டது. யாரும் வரவில்லை.

அதிகாரி பாஸ்போர்ட்டை மஜீத்திடம் கொடுத்து, போகச் சொல்லிக் கையை அசைத்தார். வினாயகமூர்த்தி எழும்பப் பார்த்தபோது, முன்னால் சின்னத்தங்கம் நின்றாள். பாட்டியின் பிடியை உதறிவிட்டு வந்திருக்கிறாள்.

“நீங்கதானா அது?”

“ஓம்.”

“அந்த வெள்ளப் பிள்ளைகளத் தூக்கி வெச்சிருந்ததும் நீங்கதானா?”

“ஓம் மகள்.”

அவள் கையை மடக்கி அவன் நெஞ்சில் குத்தினாள். இன்னொன்று. பிறகு வயிற்றில். சின்னக் கைதான், ஆனால் இருந்த பலம் முழுவதும் அதில் இருந்தது. சைப்பிரஸில் பிள்ளைகள் அவனை நாள் முழுக்கக் குத்துவார்கள், உதைப்பார்கள். பஞ்சு தாங்கிக்கொள்ளும், உள்ளே ஒன்றும் தெரியாது. இப்போது ஒவ்வொரு குத்தும் எலும்பில் விழுந்தது.

“நான் இஞ்ச இருந்தன்தானே அப்பா,” என்று அழுதாள். “நான் இஞ்சதானே இருந்தன்.”

அவன் கேட்டுக் கிடந்த சொல் இப்படித்தான் வந்தது. அவளைத் தூக்கினான். ஏழு வயதாகப் போகிற பிள்ளை, நல்ல கனம். தூக்கின பிறகும் தோளில் இரண்டு மூன்று குத்து விழுந்தது, அவன் தடுக்கவில்லை. அந்தப் பக்கம் மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு, சனத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள்.

“அப்பாவ அடிச்சது காணும், விடு,” என்றார் பேத்தியைப் பார்த்து. “பஸ் போகப்போகுது, கெதியா வரச்சொல்லு.”