ஜீப்னியில் ஒரு பெயர் குறைகிறது

"நாற்காலியில உக்காந்து டுர்ர்னு சத்தம் போடவா சார் எம்பொண்ண இங்க அனுப்பறேன்? அத நானே வீட்ல சொல்லிக் குடுப்பேனே!" என்றார் நோங் தாசியோ. நோங் என்றால் அண்ணன்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். ஹாரோ தடத்தில் ஜீப்னி, அதாவது ஆளேற்றும் நீள ஜீப்பு, ஓட்டுகிறவர்; சத்த விஷயத்தில் அவரோடு வாதாட முடியாது.

எங்கள் பேட்டையின் பாலர் வகுப்புக்கு ஆசிரியர், ஆயா, மூக்கு துடைப்பவர் எல்லாம் நான்தான். சந்தைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பள்ளி. அங்கே நான்கு வயதுப் பிள்ளைகள் கைகட்டி எழுத்துகளை ஒப்பிப்பது தெருவரை கேட்கும். என் வகுப்பும் தெருவரை கேட்கும். அது வேறு மாதிரி.

"வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். ஒரு எழுத்தாவது எழுதணும். இல்லேன்னா அந்தப் பள்ளிக்கூடந்தான்."

அவர் மகள் ஏவா இதுவரை கிரேயானைத் தொட்டதே இல்லை. அங்கே போனால் கையைக் கட்டுவாள், வாயையும் கட்டிக்கொள்வாள். எனக்குப் பிடித்த பிள்ளை என்று ஆசிரியர் ஒருவரைச் சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை.

அந்த வாரம் குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டி ஜீப்னி செய்தோம். உள்ளே இரண்டு வரிசை குட்டி நாற்காலிகள். ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். புளிய இலைதான் கட்டணம், கைமாறிக் கைமாறி ஓட்டுநருக்குப் போகும். எல்லோரும் ஏறினார்கள். ஏவா மட்டும் வெளியே நின்று அட்டை வண்டியின் முன்நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தலையில் துண்டைக் கட்டி, கக்கத்தில் தலையணைக் கோழியோடு சந்தைக்காரியாக ஏறினேன். நாற்காலி உடைந்தது. வகுப்பே உருண்டு சிரித்தது. ஏவா சிரிக்கவில்லை.

"ஏறலையாடா கண்ணு?"

"இது யாரோட ஜீப்பு?"

"நம்ம எல்லாரோடதும்."

"அப்ப பேரே இல்லையே, சார்."

தரையில் கிடந்தபடியே எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் எந்த ஜீப்னியிலும் கண்ணாடிக்கு மேலே, நெற்றியில், உரிமையாளரின் பிள்ளைகள் பெயர் இருக்கும். பெயரில்லாத வண்டியில் இவள் எப்படி ஏறுவாள்? இத்தனை வருடம் ஜீப்னியில் போய் வந்தவன், பலகை எழுதினேன், ஹாரன் வைத்தேன், இதை மறந்தேன்.

பை மாட்டும் கொக்கிகளின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் அவரவர் பெயரை அட்டையின் நெற்றியில் கிறுக்கினார்கள். ஏவா தன் சீட்டைப் பிய்த்தே எடுத்து வந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, சிவப்பு கிரேயான் ஒடிய ஒடிய எழுதினாள். முதல் எழுத்து E; அதற்கு மூன்று பல் போதும். இவள் சீப்பு மாதிரி ஐந்து பல் வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய சாதனை.

வெள்ளிக்கிழமை நோங் தாசியோ சொன்னபடி வந்து நின்றார்.

"இன்னும் டுர்ர்தானா?"

"பப்பா, ஏறுங்க" என்றாள் ஏவா.

அவள் கட்டணத்துக்குக் கொடுத்த புளிய இலையோடு, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். அவள் அட்டையின் நெற்றியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இது நான். நானே எழுதினேன்."

"நீயா? உங்க சார் எழுதினாரா?"

"சார் எழுதினா கோணலா இருக்குமே" என்றாள். வகுப்பு ஆமோதித்தது. பிறகு, சண்டைக்கு இல்லாமல் சும்மா தகவலாகச் சொன்னாள்: "நம்ம ஜீப்புல அண்ணனுங்க ரெண்டு பேருந்தான் இருக்காங்க. நான் தெனமும் பாப்பேன். நான் இல்ல."

ஜீப்னிக்குப் பெயர் எழுதியபோது இவள் பிறக்கவில்லை. அதை அவர் சொல்லியிருக்கலாம். கையிலிருந்த புளிய இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜீப்னியின் கூரையை, அதாவது வெறும் காற்றை, விரலால் தட்டி, "இங்க நிறுத்துங்க" என்றார் மெதுவாக. இறங்கி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

சனியும் ஞாயிறும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சாபம் விட்டேன். மற்றபடி நிறையச் சாப்பிட்டேன்.

திங்கள் காலை வாசலில் ஹாரன். ஏவா குதித்து இறங்கினாள். விரலெல்லாம் சிவப்பு எனாமல். ஜீப்னியின் நெற்றியில் அண்ணன்மார் அப்படியே இருந்தார்கள். கீழே, பம்பரில், நான்கு வயதுக் கை எட்டும் உயரத்தில், பெயிண்ட் ஒழுக ஒழுக ஏவா.

"மேல நான் எழுதறேன்னு சொன்னேன் சார். விட்டாத்தானே? 'நீங்க ஓட்டுங்க, நான் எழுதறேன்'ங்கறா" என்றார் நோங் தாசியோ. "இன்னிக்கும் டுர்ர்தானே?"

"இன்னிக்கும் டுர்ர்தான், நோங்."

ஏறப்போன ஓர் அம்மாள் குனிந்து பார்த்தாள். "என்னய்யா இது, மொத எழுத்துக்கு அஞ்சு பல்லு?"

"எம்பொண்ணு எழுதினது. அது அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர். "ஏறறதுன்னா ஏறு."