கீழே ஒரு கோடு

தலையணையை நிமிர்த்தி அப்பாவின் தோளுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தபோது, ஆக்சிஜன் முகமூடிக்குள் அவர் ஏதோ சொன்னார். மகள் காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"நம்பர்."

"இன்னும் ஓடிட்டிருக்குப்பா," என்றாள்.

பொய். ஒன்பது நாட்களுக்கு முன்பே ஓடி முடிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் மூடிக்கிடந்த லேப்டாப்பில் அந்த எண் இருந்தது. மைனஸ் நாலு.

கால்மாட்டில் அண்ணனின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சித்தப்பா நிமிர்ந்தார். "அது என்னம்மா கம்ப்யூட்டரா, கட்டவண்டியா? எத்தனை நாளா கேக்கறாரு மனுஷன்."

"இருக்கிற நிலைமையில நம்பர் ஒண்ணுதான் குறைச்சல்," என்றாள் அம்மா, வாசற்படியில் நின்றபடி.

காலையில் நர்ஸ் அப்பாவின் கால் விரல்களை அழுத்திப் பார்த்துவிட்டு, மகளை மட்டும் சமையலறைக்குக் கூப்பிட்டிருந்தாள். "சாயங்காலம் தாண்டறது கஷ்டம். ஆனா காது கடைசிவரைக்கும் கேக்கும். சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருந்தா சொல்லிடுங்க." இப்போது மணி இரண்டேகால்.

மகளுக்கு வேலை, கணினியில் ஆடும் பேஸ்பால் விளையாட்டுக்குக் கணக்கு எழுதுவது. மட்டையை யாரும் தொடாமலே ஆயிரம் ஆட்டங்களை நடத்திக்காட்டும் விளையாட்டு அது. அடிப்பவரின் பலம், பந்தின் வேகம், ஓடுகிறவரின் கால் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. எண்ணுக்குள் அகப்படாமல் நின்றது கேட்சரின் புத்தி மட்டும்தான். மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர், தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டி, எந்தப் பந்து வேண்டும் என்று எதிரே நின்று பந்து எறியும் பிட்சரிடம் கேட்பார். ஒரு விரல் என்றால் வேகப்பந்து. இரண்டு விரல் என்றால் வளைபந்து. சரியாகக் கேட்கத் தெரிந்தவரால் எதிரணியின் ஓட்டம் எவ்வளவு குறையும்? அது திறமைதானா, இல்லை வெறும் அதிர்ஷ்டமா? அலுவலகத்தில் ஒரு வருடமாக இதே சண்டை.

அப்பா பாட்டில் தொழிற்சாலை அணிக்குப் பதினோரு வருடம் கேட்சராக இருந்தவர். ஆட்டம் முடிந்து வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல், விழுந்த பந்துகளை ஒன்றுவிடாமல் நினைவிலிருந்து நோட்டில் எழுதிவைப்பார். நோய் முற்றியதும், தன்னையும் அந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கச் சொல்லி அந்தப் பதினோரு நோட்டுகளையும் மகளிடம் கொடுத்தார். "வர்ற நம்பரை அப்படியே சொல்லணும். அப்பனாச்சேன்னு எதையும் கூட்டிப் போடாதே."

மைனஸ் நாலு என்றால், அவர் அங்கே குந்தியிருந்ததால் அணிக்கு வருடத்துக்கு நாலு ஓட்டம் நஷ்டம்.

ஃபோன் அதிர்ந்தது. டீம் லீடர். "நாலு மணிக்கு எல்லா நம்பரையும் லாக் பண்றோம். உங்க கேட்சர் நம்பர் வரலேன்னா அந்தத் திறமையையே கேம்லேருந்து தூக்கிடலாம்னு சொல்றாங்க. நான் உங்களை அவசரப்படுத்தல. ஆனா நாலு மணி."

அவள் கடைசி நோட்டை எடுத்து மேசையில் விரித்தாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பொய் சொல்லிவிடலாம். அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் கேட்டது அது இல்லை.

அப்பா படுத்திருந்த முன்னறையில் நர்ஸ் ஆக்சிஜன் இயந்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டாள். "நீங்களும் ஆடினவரா சார்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. பீரங்கின்னா அந்தக் காலத்துல குழந்தைகூட என் பேரைச் சொல்லும்." சித்தப்பாவின் குரல் தானாக உயர்ந்தது. "அண்ணன் கேக்கறது, நான் போடறது. ஒரு ஃபைனல்ல கடைசி ஆளு நிக்கிறான். அவன் அவுட்டானா கோப்பை நமக்கு. அண்ணன் ஒரு விரல் காட்டினாரு. போட்டேன். சரியா மார்பு உயரம். அவன் அடிச்ச அடியில பந்து வேலியத் தாண்டிருச்சு. தொழிற்சாலை முழுக்க அண்ணனைத்தான் பேசினாங்க. கேக்கத் தெரியாத கேட்சர்னு."

"அடப்பாவமே."

"நான் என்ன பண்ண முடியும்? கேட்டதைத்தானே போடணும்."

சமையலறையில் அம்மா ஒரு மூடியைச் சற்று வேகமாக வைத்தாள்.

இந்தக் கதையை மகள் நூறு முறை கேட்டிருக்கிறாள். இன்று அந்தப் பக்கம் கண்ணெதிரே இருந்தது. கடைசிப் பந்து: வேகம். அந்தச் சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு சிறு கோடு.

அந்தக் கோடுகளை அவள் 'தாழ்வான பந்து' என்று பதிவு செய்திருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. சொல்லுக்குக் கீழே கோடு என்றால் கீழே போன பந்து, வேறென்ன? ஆனால் மார்பு உயரத்துக்குப் போன பந்துக்கு எதற்குக் கோடு?

பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். சித்தப்பா தோள்பட்டை இழுத்துக்கொண்டு நாலு மாதம் ஆடாமல் இருந்த வருடம். அவருக்குப் பதிலாகப் பந்து போட்டவர் கேன்டீன்காரர், சொன்னதைச் செய்கிறவர். அந்த நாலு மாதத்தில் ஒரு கோடுகூட இல்லை. சித்தப்பா திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் எட்டுக் கோடுகள்.

அவள் கை நின்றுவிட்டது. கேட்சர் கேட்கத்தான் முடியும். பிட்சர் தலையை இடமும் வலமும் அசைத்து, முடியாது என்று சொல்லிவிட்டு, தன் இஷ்டத்துக்கு வேறு பந்தைப் போடலாம்.

கோடு போட்டவை எல்லாம் அப்பா கேட்காத பந்துகள். கேட்காத ஒவ்வொன்றையும் அவள் அவர் தலையில் எழுதியிருந்தாள். எண்ணச் சொன்னபோது கணினி உடனே காட்டியது: நானூற்றுப் பன்னிரண்டு.

அவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டாள். பதினோரு நிமிடம் ஆகும்.

"இங்க வா," என்று அம்மா கூப்பிட்டாள். "மூச்சு விட்டு விட்டு வருது."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி, மருந்து ஸ்டூலில் வைத்தாள். அப்பா ஒரு மூச்சு இழுத்தார். அவள் எண்ணினாள். ஏழு. அடுத்த மூச்சு. திரையில் முப்பது சதவீதம். அடுத்ததற்குப் பதினொன்று வரை எண்ண வேண்டியிருந்தது. நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அறுபது சதவீதம். "அப்பா, இருங்க. வந்துடுச்சு, இருங்க," என்று அவள் சொல்வது யாரோ பேருந்தை நிறுத்திவைக்கச் சொல்வதுபோல அவளுக்கே கேட்டது.

மூன்று பதினாறுக்கு எண் வந்தது.

"அப்பா. ப்ளஸ் ஒன்பது. வருஷத்துக்கு ஒன்பது ஓட்டத்தை நிறுத்தியிருக்கீங்க. நான் எதையும் கூட்டல."

அப்பா கண்ணைத் திறந்தார்.

"அப்பவே சொன்னேன்ல, எங்க அண்ணன் யாருன்னு!" என்றார் சித்தப்பா. பிறகு ஸ்டூலில் திறந்தபடி இருந்த திரையை எட்டிப் பார்த்தார். அதில் பழைய வரியும் புதிய வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. "முன்னாடி மைனஸ் நாலுன்னு இருக்கு?"

"ஆமா."

"அது எப்படி மாறுச்சு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "நோட்டுல அந்தக் கோடு..." என்று தொடங்கினாள்.

அப்பாவின் தலை தலையணையில் நகர்ந்தது. முதலில் இடப்பக்கம். நிறைய நேரம் எடுத்துக்கொண்டு, வலப்பக்கம்.

சித்தப்பா பாதத்திலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தார். அம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக அம்மாவுக்கும் இது தெரிந்தே இருந்தது என்பது மகளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"என் தப்புதான் சித்தப்பா. ஒரு குறியை நான் தப்பா எடுத்துக்கிட்டேன்."

"என்ன குறி?"

அப்பாவின் வலது கை போர்வைமேல் மெல்ல ஊர்ந்து தொடைக்கு வந்தது. விரல்கள் மடங்கின. இரண்டு மட்டும் நீண்டன. முகம் சித்தப்பா பக்கம் இருந்தது.

சித்தப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இயந்திரத்தின் மேல் இல்லாத தூசியை உள்ளங்கையால் துடைக்கத் தொடங்கினார்.

அடுத்த மூச்சுக்கு அவள் இருபதுவரை எண்ணினாள். அதற்கடுத்ததற்கு நாற்பதில் நிறுத்தினாள்.

நர்ஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். முகமூடியைக் கழற்றினாள். இயந்திரத்தை அணைத்ததும் வீடு சட்டென்று பெரிதானதுபோல இருந்தது. அம்மா அப்பாவின் சட்டைக் காலரை இழுத்து நேராக்கினாள். நேராகத்தான் இருந்தது.

ஃபோன் மறுபடி அதிர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குப் போனாள். கணினியில் பதிவாகியிருந்த பழைய எண் மாறியதற்குக் காரணம் எழுதினால்தான் படிவம் போகும். மகள் 9 என்று அடித்தாள். காரணம் என்ற இடத்தில் 'என் பிழை' என்று எழுதி அனுப்பிவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் முன்னறைக்குத் திரும்பும் வழியில் சித்தப்பா மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். நோட்டு விரித்தபடியே கிடந்தது. அவர் கட்டைவிரல் ஃபைனல் பக்கத்தின் கடைசி வரியின் மேல் இருந்தது.

"எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.

"நானூத்துப் பன்னெண்டு."

அவர் நோட்டை மூடவில்லை. அவளுக்குப் பின்னால் கட்டிலருகே வந்தார். நர்ஸ் அப்பாவின் கையை நெஞ்சின்மேல் வைப்பதற்காக, நீண்டிருந்த இரண்டு விரல்களையும் மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் மடக்கிக்கலாம்மா," என்றார் சித்தப்பா. "கொஞ்சம் இருக்கட்டும்."

நர்ஸ் விலகினாள். அவர் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், அண்ணனுக்கு நேர் எதிரே நிமிர்ந்து நின்றார். அந்த விரல்களைப் பார்த்தார். தலையை மேலிருந்து கீழாக ஒரே ஒருமுறை அசைத்தார்.

பிறகு, வருகிறவர்கள் உட்கார நாற்காலி போட வெளியே போனார்.