பூத்தண்ணி

கண்ணாடிக் கோப்பையின் மேல் மூடியிருந்த தட்டை எடுத்ததும் ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். சூடு தெரிந்தது. மூக்கு நுனி நனைந்தது. அவ்வளவுதான். காலையிலிருந்து இது எத்தனையாவது கோப்பை என்று கேட்டால் எனக்கே தெரியாது. கழுவும் தொட்டியின் வலையில் ஊறிப்போன மஞ்சள் பூக்கள் குவிந்து கிடந்தன. வெறும் வெந்நீருக்குக் கூட ஒரு வாசனை உண்டு, குழாயோ பாத்திரமோ ஏதோ ஒன்று. அதுகூட வரவில்லை. போய்த் தொலை என்று கோப்பையைக் கவிழ்த்துவிட்டு, மறுபடியும் தண்ணீரை அடுப்பில் வைத்தேன்.

தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பது என் வேலை. நீள மேஜையில் வெள்ளைக் கிண்ணங்களை மூடிகளோடு வரிசையாக வைத்திருப்போம். ஒவ்வொன்றிலும் கரண்டியை விட்டு, காற்றோடு சேர்த்து உர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, மூக்கு வழியாக மூச்சை விட்டு, தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர வேண்டும். விழுங்கக் கூடாது. இந்தப் பழக்கம் வீட்டிலும் லேசில் விடாது. கல்யாணமான புதிதில் மாமியார் கொடுத்த டீயை ஊருக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சிவிட்டு, துப்ப இடம் தேடித் திருதிருவென்று முழித்தவள் நான். கம்பெனியில் எங்கள் தலைமை ருசியாளருக்குப் பெரிய மூக்கு என்று பெயர். எனக்குச் சின்ன மூக்கு. நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினால்தான் சரக்கு வெளியே போகும். அந்தச் சின்ன மூக்குதான் இப்போது இல்லை. வீட்டில் எல்லோருக்கும் வந்த அதே காய்ச்சல்தான். மற்றவர்களுக்கு வந்த வழியே போயிற்று. என்னிடம் மட்டும் போகிறபோது கைக்குக் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறது. இன்றோடு லீவு முடிகிறது. இன்னும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோப்பை முகர்ந்தேன். தீக்குச்சியை உரசி முகர்ந்தேன். நகச்சாயம் அழிக்கிற பாட்டிலைத் திறந்து பார்த்தேன். கண் எரிந்ததே ஒழிய வாசனை வரவில்லை. கடைசியில் கணவர் கழற்றிப் போட்டிருந்த சாக்ஸை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டிருந்தபோது அவரே வந்து நின்றார். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். எது எங்கே நின்றாலும் பதறாத மனுஷன்.

"என்னடி பண்றே?"

"துவைக்கணுமான்னு பாக்குறேன்."

"அதுக்கு எதுக்கு மூக்க விடுறே? தூக்கிச் சுவத்துல எறி. ஒட்டிக்கிச்சுன்னா துவை."

விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டில் நல்ல தேயிலை இல்லாமல் இல்லை. பரண் மேல் டப்பா டப்பாவாக இருக்கிறது. அதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. அதை முகர்ந்து ஒன்றும் தெரியாமல் போனால், அப்புறம் தெரிந்துகொள்ள என்ன மிச்சம் இருக்கிறது? அதனால்தான் இந்தக் கெமோமில் பூ. அது என் சொத்து இல்லை, அண்ணியுடையது. அண்ணி என் கணவரின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறார், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்துவிட்டு வருகிற மனுஷிக்கு நரம்பு என்ன கதியாகும்? சாயங்காலம் வந்ததும் வராததுமாக அந்தக் காய்ந்த பூவில் ஒரு பிடி போட்டுக் குடித்தால்தான் அவருக்கு உயிர் வரும். சமையலறை முழுக்க வைக்கோலும் ஆப்பிள் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை நிற்கும். எனக்கு ஆகவே ஆகாது. ஜன்னலைத் திறந்துவிடுவேன். "இதுக்குப் பேரு டீயா அண்ணி? பூத்தண்ணி" என்று வருஷக்கணக்காகக் கேலி பேசியிருக்கிறேன். பிடிக்காத வாசனைதான் கூப்பிடாமல் முதலில் வந்து நிற்கும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, காய்ச்சல் விட்டதிலிருந்து அந்தப் பூவையே கட்டிக்கொண்டு அழுகிறேன்.

அண்ணிக்கு இதில் பிடிபடாத சந்தோஷம். "பாத்தியா, கடைசியில என் கட்சிக்கு வந்துட்டே" என்றார். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேறு ஆரம்பித்துவிட்டார். "கொதிக்கக் கொதிக்க ஊத்தாத, கருகிடும். கொஞ்சம் அடங்கட்டும். ஊத்துனதும் தட்டைப் போட்டு மூடு. மூடலேன்னா வாசனையெல்லாம் ஆவியோட போயிடும், அப்புறம் நீ சொல்ற பூத்தண்ணிதான் மிஞ்சும்." எனக்கா சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று வேறு நாளாக இருந்தால் கேட்டிருப்பேன். இப்போது நல்ல பிள்ளையாக மூடி வைத்துவிட்டு, தட்டின் அடியில் பூ மெல்ல மெல்லக் கீழே இறங்குவதையும், தண்ணீர் வெளிறிய மஞ்சளாக மாறுவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நாளைக்கு என்ன செய்வது என்பதை மட்டும் முடிவு செய்துவைத்திருந்தேன். சமாளிப்பது. கண் இருக்கிறது, இலையைப் பார்த்தாலே பாதி தெரியும். நாக்கு இருக்கிறது, கசப்பும் துவர்ப்பும் தெரிகின்றன. மீதிக்குப் பெரிய மூக்கின் முகம் இருக்கிறது. அவர் புருவம் ஏறினால் நானும் ஏற்ற வேண்டியது, அவர் உதட்டைப் பிதுக்கினால் நானும் பிதுக்க வேண்டியது. கொஞ்ச நாள் இப்படியே ஓட்டினால் அதற்குள் மூக்கு திரும்பிவிடாதா என்ன?

மத்தியானம் அண்ணி ஒரு பாடம் முடித்துவிட்டு முகம் சிவக்க வந்தார். கற்றுக்கொள்ள வந்த பெண் ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று காய்கறி வண்டியை முத்தமிட்டுவிட்டாளாம். "நீங்க உக்காருங்க அண்ணி, நான் போட்டுத் தர்றேன்" என்றேன். பழைய பூவைக் காலையிலேயே நான் தீர்த்திருந்தேன்; இது நேற்று புதிதாக வாங்கி அவரே வேறு டப்பாவில் கொட்டி வைத்த பூ. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடங்கவிட்டு, இரண்டு கோப்பையிலும் ஊற்றி, மூடி, காத்திருந்து, வடிகட்டிக் கொண்டுவந்து வைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவதற்குள் என் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டேன். நடிப்பதற்கு ஓர் ஒத்திகை வேண்டாமா?

"இன்னிக்கு என்னமோ ரொம்ப நல்லா வந்திருக்கு அண்ணி. ஆப்பிள் தோலு மாதிரி, அப்படியே கமகமன்னு இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு இன்னொரு வாய் விழுங்கினேன்.

அண்ணி ஒரு வாய் எடுத்தார். கன்னம் உப்ப அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினார். எங்கள் வீட்டில் துப்புகிறவள் நான். அவர் துப்பி நான் பார்த்ததே இல்லை.

"ஐயையே! என்ன கண்றாவி இது?" என்று டப்பாவைத் திறந்து முகர்ந்தார். "அட ராமா, பூண்டுப் பொடி இருந்த டப்பா! கழுவிட்டோம்னு நெனச்சுக் கொட்டிட்டேன் போல. குடலைப் புரட்டுது."

சட்டென்று நிறுத்தினார். என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். அதில் பாதிக்கு மேல் காலி.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. இலையும் பூவும் பக்கத்தில் இருக்கிற எந்த நாற்றத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தவளைக் கிண்ணங்களின் பக்கத்திலேயே விடாமல் விரட்டியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவள் பூண்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கமகமவென்று இருக்கிறது என்கிறேன்.

"எப்பலேருந்து?" என்றார் அண்ணி.

"என்னது எப்பலேருந்து?"

"எங்கிட்டயேவா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "ஆமா, போயிடுச்சு! காய்ச்சலோட போயிடுச்சு! இப்ப என்ன பண்ணணும்ங்கறீங்க? தமுக்கு அடிக்கவா?" என்று கத்தினேன். உள்ளே கணவர் தூங்கிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்து குரலைத் தணித்துக்கொண்டேன். "நாளைக்கு எப்படியாவது சமாளிச்சுடுவேன். பெரிய மூக்கு மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன். நீங்க இவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."

அண்ணி கோப்பைகளைக் கொட்டிவிட்டு நிதானமாகக் கழுவினார். "கண்ணு சரியாத் தெரியாததை மறைச்சுட்டு ஒருத்தன் எங்கிட்டக் கத்துக்க வந்தான்" என்றார். "தெருவ மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தான். எங்க வளைவு, எங்க பள்ளம் எல்லாம். நல்லாத்தான் ஓட்டினான். ஒரு நாள் தெருவுல புதுசா ஒரு ஸ்கூட்டர் நின்னுச்சு."

"ரோட்டுல ஆளு செத்துப்போவாங்க. டீ குடிச்சு யாரு அண்ணி சாகப்போறா?"

"அப்புறம் ஏன் நீ இப்படிக் கெடந்து சாகறே?"

பயமாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது அண்ணி. என்னைத் தூக்கி லேபிள் ஒட்டுற இடத்துல உக்கார வெச்சுடுவாங்க. அதுகூடப் பரவாயில்ல. காலையில எந்திரிச்சா நான் வீட்டுல இருக்கேனா, வேற எங்கியாவது இருக்கேனான்னே தெரியல. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கு." அண்ணி ஈரக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டார். புடவை நனைந்தது. ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால் மறுபடி கத்தியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பெரிய மூக்கு.

"என்னம்மா, உடம்பு தேவலையா?"

"பரவாயில்ல சார்."

"நாளைக்கு எப்படியாவது வந்துடு. வாரம் பூரா வந்த சாம்பிள் அப்படியே கெடக்கு. ஒண்ணுகூட அனுப்பல. இன்னிக்கு லீவு நாள்தானே, ஆளில்லாதப்ப நானே முடிச்சிடலாம்னு வந்து, எல்லாத்தையும் ஊத்தி வெச்சுட்டு உக்காந்திருக்கேன்."

"நீங்களே பாத்து அனுப்பியிருக்கலாமே சார்? நான் எதுக்கு?"

"நீ மூஞ்சியச் சுளிச்சாத்தானேம்மா எனக்குத் தெரியும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர் சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது. அது எனக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கிண்ணத்தையும் அவர் எனக்குப் பிறகுதான் எடுப்பார். எடுத்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு "உனக்கு என்ன தோணுது, நீ சொல்லு மொதல்ல" என்பார். எனக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் சொல்லி முடித்ததும், "அதேதான்" என்பார். எப்போதும் அதேதான். ஒரு நாளாவது இல்லை என்று சொல்லியிருக்கிறாரா? யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

"சார்" என்றேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், எனக்கு வாசனை தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியல."

அந்தப் பக்கம் அவர் எப்போதிலிருந்து என்றுகூடக் கேட்கவில்லை. நாற்காலி பின்னால் நகர்ந்தது. போனை மேஜை மேல் வைத்திருக்க வேண்டும். கிணிங் என்று பீங்கான் மூடி ஒன்று கிண்ணத்தின் மேல் உட்கார்ந்தது. ஓரடி நகரும் சத்தம். அடுத்த கிண்ணத்தின் மேல் ஒன்று. அந்த நீள மேஜையில் ஒவ்வொன்றாக அவர் மூடிக்கொண்டே போவதைக் கேட்டபடி, போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.