மணிக்கட்டில் பெரியக்கா

வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துக் கறுப்பாகிறார்கள் என்று கிளாரன்ஸ் துரை சொன்னபோது, நான் சிரித்த சிரிப்பில் தோசை கருகிவிட்டது. அவர் வீட்டில்தான் எனக்குச் சமையல் வேலை. லண்டனில் இருக்கும் மகள் அவருக்கு ஒரு புட்டி அனுப்பியிருந்தாள். பூசினால் வெயிலில் கிடந்து வந்ததுபோலத் தோல் பழுப்பாகுமாம். எனக்கு எதுக்கு இந்தக் கண்றாவி என்று தூக்கிப்போடப் போனவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் தங்கை வள்ளியம்மாவுக்கு வெண்புள்ளி. கழுத்தில் கொஞ்சம், இடது முன்கை முழுக்க. அது வலிக்காது, யாருக்கும் ஒட்டாது. ஆனால் தொம்மலூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்தக் கையைக் கண்டதும் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். இப்போது சந்தாபுராவிலிருந்து ஆதிகேசவன் என்று ஒரு பையன். பிடித்திருந்தால் அன்றைக்கே பூ வைத்துவிடுவதாகப் பேச்சு. இதையும் கைநழுவ விட நான் என்ன பைத்தியக்காரியா?

"பெரியக்காவுக்கும் இப்டித்தானே மறைச்சாங்க?" என்றாள் வள்ளி.

பெரியக்கா சின்னத்தாயி, எங்கள் மூத்தவள். அவளுக்கும் இதே புள்ளிதான். அப்பா ஏதோ களிம்பை அப்பிக் கட்டிக்கொடுத்தார். புருஷன் வீட்டில் குளித்தபோது அது கரைந்துபோனது. தையில் தாலி கட்டிக்கொண்டவள் மாசியில் அந்த வீட்டுக் கிணற்றில் மிதந்தாள். தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள்.

"அது தண்ணி பட்டா போற சாயம். இது தோலோட புடிச்சிக்கும். வாய மூடிக்கினு கைய நீட்டு," என்றேன்.

எங்கள் ஜனத்தில் நல்ல காரியம் என்றால் முதல் புடவை பூவாடைக்காரிக்கு. வீட்டில் செத்துப்போன பெண்ணை நீர்க்கரையிலிருந்து கலசத்தில் அழைத்து வந்து, புடவையும் பூவும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மற்றதெல்லாம். நான் சின்னத்தாயியை அழைக்கவில்லை. அவள் எப்படிச் செத்தாள் என்று சந்தாபுராக்காரர்கள் கேட்டால் யார் பதில் சொல்வது?

புட்டியில் எழுதியிருந்ததைத் துரைதான் படித்துச் சொன்னார். "பர்ஸ்ட் காதுக்குப் பின்னால கொஞ்சூண்டு போட்டுப் பாரு, தனக்கோடி. அரிச்சா வுட்டுடு. தோலுல எண்ணெ இருக்கக் கூடாது. மெல்லிசா, ஒரே மாதிரி தேய்க்கணும். முட்டியில கம்மி. கண்ணுகிட்ட போவாத. முடிச்சவொடனே கை களுவு மேன், இல்லாட்டி உன் கையும் கலர் ஆயிடும்."

காதுக்குப் பின்னால் ஒன்றும் ஆகவில்லை. பையன் வீட்டார் வரும் அன்று காலையில் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் குளிக்கவைத்து, ஈரம் போகத் துடைத்து, பஞ்சில் தொட்டுப் புள்ளியின் ஓரம் தாண்டாமல் பூசினேன். பூசும்போது நிறமே கிடையாது. சில மணி நேரம் கழித்துத்தான் வருமாம். கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். புட்டியை இறுக மூடி அலமாரியில் வைத்தேன். எதன்மேலும் படாமல் கையைத் தூக்கிக்கொண்டு வள்ளி கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் கேசரி கிண்டப் போனேன்.

மதியம் வந்து பார்த்தால், அடேயப்பா, கழுத்து அச்சு அசல் தோல் நிறம்! கையும் அப்படித்தான். ஆனால் மணிக்கட்டைச் சுற்றி மட்டும் கருத்த தடம். யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் விரல் விரலாக இருந்தது.

"எவ தொட்டா?"

"நீதானே அக்கா? கண்ணசந்துட்டேன். யாரோ வந்து புடிச்சாங்க. கை ஜில்லுன்னு ஈரமா இருந்துச்சு."

என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. தடத்தில் மோதிர விரல் பாதியில் நின்றிருந்தது. பஞ்சாலையில் மிஷின் கடித்த சின்னத்தாயியின் விரல் அது. அலமாரியில் புட்டி திறந்து கிடந்தது.

"பெரியக்கா," என்றாள் வள்ளி. அவள் பயப்படவேயில்லை.

"சும்னே இரு! செத்தவ எங்கடி வருவா?" என்று கத்தினேன். தேய்த்தேன், கழுவினேன், எலுமிச்சம்பழம் போட்டேன். அசையவில்லை. வளையலை ஏற்றி மறைத்தேன்.

சாயங்காலம் வந்தார்கள். எல்லாருக்கும் பிடித்துப்போனது. பையனின் அம்மா சந்தனம் பூச வள்ளியின் கையை எடுத்தாள். வளையல் சரிந்தது.

"இன்னாம்மா இது?"

"மருதாணிங்க," என்று நான் முந்திக்கொண்டேன்.

"மருதாணி இல்லீங்க," என்றாள் வள்ளி. "எங்க பெரியக்கா கை. புள்ளிய மறைச்சு அவளக் கட்டிக் குடுத்தாங்க. கெணத்துல செத்துப்போனா. எனக்கும் அதே புள்ளி இருக்குது. இது பூசுன சாயம்."

சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஆதிகேசவன் திரும்பியும் பார்க்கவில்லை.

"பாவி, உன் வாயில மண்ணு விழ!" அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ஈரம். கிணற்றுப் பாசியின் வாடை குப்பென்று வந்தது. ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

விளக்கு வைப்பதற்குள் ஏரிக்கரைக்குப் போய்க் கலசம் எடுத்து வந்தேன். வள்ளிக்காக வாங்கிய புடவையை அதன்முன் வைத்து, "வா அக்கா, வந்து உக்காரு," என்றேன்.

பூசிய நிறம் ஒரு வாரத்தில் உதிர்ந்து கை பழையபடி வெளுத்தது. விரல் தடம் மட்டும் போகவில்லை. இப்போதும் வள்ளி அந்தக் கையை நீட்டிவைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். யாரையோ பிடித்திருப்பதுபோல் விரல்கள் மடங்கியிருக்கும். நான் அதைப் பிரித்துவிடுவதில்லை.