டெல்பர்ட் கசியும் குழாய்

டெல்பர்ட் கிரிஷாமை அடக்கம் செய்த அடுத்த வாரமே அவர் புல்வெளிக் குழாய் வழியாகத் திரும்பி வந்தார். உடம்பு வரவில்லை. சீட்டியும், வாயில் அடக்கும் புகையிலையின் வாசமும், கெளுத்தி மீனுக்கு எந்த இரை தோது என்ற பேச்சும் வந்தன. புல்லுக்கு நீர் தெளிக்கும் குமிழைத் திருகும்போதுதான் அவர் உயிர் போயிருந்தது. அது அந்த வழியாகவே உள்ளே இறங்கியிருக்க வேண்டும். டெக்சாஸில் எங்கள் பக்கம் கோடையில் குழாயில் தவளை வருவதுண்டு. ஆகையால் அவர் மனைவி ஒலீட்டா பயப்படவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்தாள். "அடியே, கொல்லைக் கதவுக்கு எண்ணெய் விட்டியா?" என்றார் அவர். விடவில்லை என்றாள்.

ஆனாலும் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கால் ஒரு நிலையில் நிற்காது, கை எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கும். அதற்காகவே பின்னோட்டத் தடுப்பான் சோதிக்கும் உரிமத்துக்குப் படித்தாள். பயன்படுத்திய தண்ணீர் திரும்பி ஊர்க்குழாயில் கலக்காமல் காக்கும் கருவி அது; ஆண்டுதோறும் உரிமக்காரர் சோதித்தாக வேண்டும். செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். அளவுமானியின் குழல்களிலிருந்து காற்றை வெளியேற்ற மறந்துவிடுவாள். முள் அசையாமல் நின்றால் கருவி நல்லது; காற்று உள்ளே தங்கினால் முள் பொய் சொல்லும். அடுத்த முறை தேறினாள். பிறகு பல் மருத்துவர் வீடு, பால் பண்ணை, கார் கழுவுமிடம் என்று வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தாள். அந்த உரிமம் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும் என்று அவளே சொல்வாள்.

வினை வீட்டுக்குள்ளேயே இருந்தது. தன் வீட்டுப் புல்வெளிக் குழாயின் தடுப்பானைச் சோதித்தபோது அது பின்னால் வரும் நீரைத் தடுக்கவில்லை. உள்ளே ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு மணல் பருக்கை. அதை எடுத்துப் போட்டாள். டெல்பர்ட் ஊமையானார். நீர் பின்னால் நகர்ந்தால்தான் அவரால் பேச முடியும் போலிருக்கிறது. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் வேறொரு மணலைப் பொறுக்கி அதே இடத்தில் வைத்தாள். சோதனையில் வேண்டுமென்றே குழலில் காற்றை விட்டு, முள் நின்றதாகக் காட்டி, தண்ணீர் அலுவலகத்துக்கு 'தேறியது' என்று எழுதிக் கொடுத்தாள்.

டெல்பர்ட் அதோடு நிற்கிற ஆளா? தெருக்குழாய்க்குப் போனார், அங்கிருந்து ஊருக்கே போனார். குளிர்ந்த தேநீரில் புகையிலை மணத்தது. ஞானஸ்நானத் தொட்டியில் முங்கியெழுந்த ஹவ்ரானெக் வீட்டுப் பெண் கைகூப்பி நின்று, கோழி ஈரல்தான் கெளுத்திக்கு நல்ல இரை என்று சபைக்கு அறிவித்தாள். போதகர் ஆமென் சொல்லிவிட்டார்.

தண்ணீர் அலுவலகத்து கிளோவிஸ் ஹேபர்லி வந்து வாசலில் தொப்பியைக் கழற்றினான். "ஒலீட்டாம்மா, வெள்ளிக்கிழமை என் அளவுமானியோட வரேன். நீங்க எழுதினது பொய்னா உரிமம் போயிடும். எனக்கு வேற வழி தெரியல."

உரிமம் போனால் அவள் நான்கு சுவருக்குள் வெந்து சாக வேண்டும். மணலை எடுத்தால் அவர் போய்விடுவார். வியாழன் முழுக்கக் கருவியைச் சுற்றிச் சுற்றி நடந்தவள், பால் பண்ணையில் தான் சோதித்த வேறு வகைத் தடுப்பானைத் திடீரென்று நினைத்தாள். நீர் பின்னால் தள்ளினால் அடிவாயைத் திறந்து தரையில் துப்பிவிடும், ஊர்க்குழாய்க்கு ஒரு சொட்டும் விடாது. பழையதைப் பிடுங்கிவிட்டு அந்த வகையில் ஒன்றை வாங்கிப் பொருத்தினாள்.

கிளோவிஸ் காற்றை வெளியேற்றி மானியை மாட்டினான். முள் அசையவில்லை. அடிவாய் திறந்து புல்லில் கொஞ்சம் நீர் விழுந்தது. "யாரு, ஹேபர்லி பயலா? உங்கப்பன் என் தூண்டிலத் திருப்பித் தரலடா," என்றது அது. கிளோவிஸ் குனிந்து பார்த்தான். தரையில்தானே விழுகிறது, சட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை என்றான்.

முன்பு எழுதியது பொய் என்று ஒலீட்டாவே சொன்னாள். அதற்குத் தண்டனையாக மறுபடி தேர்வெழுதச் சொன்னார்கள். தேர்வுக்குக் கிளம்பும் முன் நாற்காலியைப் புல்வெளியில் தடுப்பானுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மறுபடி தோற்றுவிடுவேனோ என்றாள்.

"அடியே, முதல்ல காத்த வெளியேத்து. மத்ததெல்லாம் தானா வரும்," என்றார் டெல்பர்ட்.

தேறினாள். இப்போதும் ஆண்டுதோறும் அவளே தன் வீட்டுத் தடுப்பானைச் சோதிக்கிறாள். முள் நிற்கும் வரை அவர் வாயைத் திறப்பதில்லை.